ஒகேனக்கல் நயாகரா இல்லை, ஒகேனக்கல்தான்!

செமஸ்டர் லீவு வந்துட்டா எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே சண்டை: ஊட்டியா, கொடைக்கானலா? நடுவுல ஒருத்தர் ஆல்ப்ஸ் மலை ரீல்ஸைப் போட்டு, "வாழ்ந்தா இங்க வாழணும்டா"ன்னு பெருமூச்சு விடுவார். யாராவது "ஒகேனக்கல் போலாமா?"ன்னு கேட்டா, "அட, நம்ம ஊர்தானே!"ன்னு பேச்சையே முடிச்சிடுவாங்க.

அந்த "நம்ம ஊர்தானே"வைப் பத்திதான் பேசணும் மக்களே.

ஒகேனக்கல்லுக்கு 'இந்தியாவின் நயாகரா', ஏற்காட்டுக்கு 'ஏழைகளின் ஊட்டி' என்று பட்டம் கொடுத்து வச்சிருக்கோம். நாளைக்கு வத்தல்மலைக்கும் ஏதாவது ஒரு 'மினி' பட்டம் வந்துடும். இது பெருமை மாதிரி தெரியும். ஆனா நயாகராவை மனசுல வச்சுக்கிட்டு வர்றவர், தண்ணி குறைஞ்ச மாசத்துல வந்தா "இவ்ளோதானா?"ன்னுதான் கேப்பார். ஒரு செல்ஃபி, ஒரு மீன் வறுவல், அடுத்த பஸ். ஊரைப் பார்க்கவே மாட்டார்.

உண்மையில் அங்கே என்ன இருக்கு? கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. புகையும் கல்தான் ஒகேனக்கல். இந்தப் பகுதியில் கிடைக்கும் கார்பனடைட் பாறையின் வயது சுமார் 240 கோடி ஆண்டுகள். நாம பெருமூச்சு விடுற ஆல்ப்ஸ் எழும்பியதே கடைசி சில கோடி ஆண்டுகளில்தான். வயசுல நம்ம கல்தான் பெரியவர்!

அருவியோட நிறுத்திக்காதீங்க. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கு. சண்டையில செத்த சாதாரண வீரனுக்கு ஊர் வச்ச நினைவு. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கு. சிறையில் தொழுநோய் வந்து, அதைக் காரணம் காட்டி ஆங்கிலேய அரசு ரயிலில் ஏறத் தடை போட்டபோதும், நடந்தே ஊர் ஊராகப் பிரசாரம் செய்தவர். 1925-ல் அங்கேதான் இறந்தார். வத்தல்மலைக்குப் போனா காபி, மிளகு பயிரிடும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களைப் பார்க்கலாம்.

ஆல்ப்ஸ்ல இருந்து எதையாவது காப்பி அடிச்சே ஆகணும்னா, பேரை விட்டுட்டு ஏற்பாட்டைக் காப்பி அடிங்க. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரம் 1964, 1976 என இரண்டு முறை குளிர்கால ஒலிம்பிக் நடத்திய ஊர். ஆனா அதன் நிஜ பலம் வேற. நகர மையத்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் கேபிள் காரில் 2,200 மீட்டருக்கு மேலே போயிடலாம். சில நாள் தங்குற பயணிக்கு விடுதியிலேயே ஒரு அட்டை கொடுப்பாங்க. அதைக் காட்டினா உள்ளூர் பஸ்ஸில் டிக்கெட் வேண்டாம். கார் இல்லாதவரும் ஊரையும் மலையையும் சேர்த்துப் பார்க்கலாம்.

நமக்கு கேபிள் கார் வேண்டாம். ஒகேனக்கல், பாப்பாரப்பட்டி, அதியமான்கோட்டை, தீர்த்தமலை இதையெல்லாம் கோர்க்குற ஒரு பஸ், நம்பகமான நேர அட்டவணை, சுத்தமான கழிப்பறை. இது போதும்.

"கூட்டம் வந்தா இடம் கெட்டுடாதா?"ன்னு கேட்பீங்க. நியாயமான பயம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிட்டுத்தான் போக வேண்டியிருக்கு. அந்த நிலை இங்க வரக்கூடாதுன்னா, போறவர் ஒழுங்கா போகணும். வத்தல்மலையில் பாட்டில் உடைச்சா, அது அங்க வெறுங்கால்ல நடக்குற பிள்ளையைத்தான் குத்தும். காவிரியில நீர்வரத்து ஏறினா மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போடும். அன்னைக்கு பரிசல்காரருக்கு வருமானமே கிடையாது. அவரே கரையில நிக்கும்போது நாம பாறை தாண்டி ரீல்ஸ் எடுக்கப் போறது வீரமில்லை. ஆத்துக்கு நீச்சல் சர்டிஃபிகேட் தெரியாது.

இந்த லீவுல ஒரு வேலை செய்யுங்க. நாலு பேர் சேர்ந்து அரசு பஸ்ஸிலேயே மாவட்டத்தைச் சுத்துங்க. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, கடைசி பஸ் எப்போ, கழிப்பறை எங்கன்னு குறிச்சு ஒரு மேப் போடுங்க. ஆப் செய்யத் தெரிஞ்சவங்க நம்ம காலேஜ்ல கம்மியா என்ன? அடுத்த பேட்ச் ட்ரிப் பிளான் பண்ணும்போது, "நம்ம ஊர்தானே"ன்னு தள்ளாம, "நம்ம ஊருக்கு எந்த பஸ்?"ன்னு கேட்கட்டும்.