பெரிய எண்ணும் சிறிய கரும்பலகையும்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே பேரெண் ஒன்று பகா எண்ணென உறுதி செய்யப்பட்டது. இரண்டின் 136,279,841 ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழிக்க வருவது அது, இலக்கங்கள் 41,024,320. இலக்கத்திற்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் எழுதினால் 410 கிலோமீற்றர் நீளும். கொழும்புக் கோட்டையிலே தொடங்கி, எங்கள் மாங்குளம் நிலையத்தையும் கடந்து, காங்கேசன்துறையை எட்டும் புகையிரதப் பாதையின் நீளம் ஏறத்தாழ அதுவே.

இவ்வாறு கூறி மாணவரை வியக்கச் செய்தல் எளிது; அதனாற் கல்வி வளராது. அவ்வெண் பகாதது என்பதை எவ்வாறு அறிந்தனர் என்பதே வகுப்பறையில் எழவேண்டிய வினா. (நம் பாடநூல்கள் ‘முதன்மை எண்’ என்கின்றன. தன் பொருளைத் தானே உரைக்கும் ‘பகா எண்’ என்பதே எனக்கு உவப்பானது.)

கீழ்வகுப்பிற் கற்பிக்கும் வழி, சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பது. இரண்டின் 127 ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண்ணுக்கு 39 இலக்கங்களே. ஆயினும் அவ்வழியில் அதனைச் சோதிக்க மனித ஆயுள் போதாது. பிரெஞ்சு அறிஞர் லூக்கா 1876 இல் கைக்கணக்காலேயே அது பகா எண்ணென நிறுவினார். 1951 வரை அதனினும் பெரியதொன்றை எவரும் கண்டிலர்.

அவர் வகுத்து, பின்னர் லேமர் செப்பஞ்செய்த முறை இது. நான்கை எடுத்து, வர்க்கித்து, இரண்டு கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதியைக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. வலுவின் எண் ஒற்றைப் பகா எண்ணாதல் வேண்டும். அதனினும் இரண்டு குறைந்த தடவைகள் செய்தபின் மீதி சுழியாயின் அது பகா எண், அன்றேல் பகு எண். 31 என்பது இரண்டின் ஐந்தாம் வலுவில் ஒன்று குறைந்தது. மூன்றே தடவை: 14, 8, 0. 127 க்கு 14, 67, 42, 111, 0. கணினிகள் 2024 இன் பேரெண்ணை உறுதி செய்ததும் இதே முறையாலேதான்.

இம்முறை ஏன் பலிக்கிறது என்பது பள்ளிப் பருவத்துக்கு மேற்பட்டதென ஆசிரியர் சிலர் தடை கூறலாம். உண்மையே. அதனை மாணவரிடம் ஒளியாது சொல்லிவிடலாம். விடை பின்னொருநாள் வருமென்று காத்திருக்கும் வினாவொன்று, கடந்தகால வினாத்தாள்களின் கட்டினும் நெடுநாள் மனத்தில் நிற்கும். போராற் குலைந்து மீண்ட வன்னிப் பாடசாலைகளை எண்ணியே இதனை வற்புறுத்துகிறேன். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை, வெண்கட்டி போதும்.

இன்னொரு வியப்பும் உண்டு. பகு எண்ணென்று அறிவிக்கும் இம்முறை, அதன் காரணிகளைக் காட்டுவதில்லை. இரண்டின் 67 ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண் பகுபடும் என்பதை லூக்கா 1876 இலேயே கண்டார். 193,707,721 உம் 761,838,257,287 உம் அதன் காரணிகளெனக் கோல் என்பார் காட்டியது 1903 இலே.

பத்தாம் வகுப்புக்கு 2047 ஐக் கொடுத்துப் பாருங்கள். வலு 11, ஆகவே ஒன்பது தடவை. இறுதி மீதி 1736, சுழியன்று. காரணிகளை அவர்களே தேடட்டும். 23 ஐ முதலிற் பிடிப்பவர் 89 ஐயும் பிடித்துவிடுவார்.