கையில் இருப்பதை முதலில் முடி

பொங்கலுக்குச் செட்டியார்பட்டி வந்த அண்ணன் மகன் மூன்று நாளும் லேப்டாப்பை விட்டு நகரவில்லை. சென்னையில் மென்பொருள் வேலை. கரும்பு அப்படியே காய்ந்தது. "எத்தனை வேலைடா கையில வச்சிருக்க?" என்றேன். "ஒன்பது சித்தப்பா. எல்லாம் பாதியில நிக்குது. பேசாம வேலையை விட்டுடலாம்னு இருக்கு" என்றான். வருடத்துக்கு ஒரு புது முறை என்று கம்பெனியில் ஆள் வைத்துப் பாடம் நடத்துகிறார்களாம். அதற்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எனக்கு கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்வதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவன். கார்டிங்கை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் டிராயிங் தாங்காவிட்டால் கேன்கள்தான் வரிசை கட்டி நிற்கும். நூல் கால் கிலோ கூடாது. கார்டிங்கைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி நான் மேலிடத்தில் திட்டு வாங்கியதுண்டு. மெஷின் சும்மா நின்றால் முதலாளிக்கு வயிறு எரியும். கேன் தேங்கினால் யாருக்கும் எரியாது!

இதே கதை மென்பொருளிலும் நடந்திருக்கிறது. 2004-ல் மைக்ரோசாஃப்டின் உள் உபயோகத்துக்கான மென்பொருள்களில் திருத்தங்கள் செய்த ஒரு சிறு குழு ஹைதராபாத்தில் இருந்தது. ஒரு திருத்தம் கேட்டால் கைக்கு வர ஐந்து மாதம். திறமையில் குறையில்லை. புதிதாக எது வந்தாலும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டு, அதற்கு எவ்வளவு நாளாகும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நேரம் இதிலேயே போனது. மேலாளர் டிராகோஸ் டுமிட்ரியுவும் டேவிட் ஆண்டர்சனும் முதலில் அந்தக் கணக்கை நிறுத்தினார்கள். பிறகு, கையில் இத்தனைக்கு மேல் வேலை கூடாது, ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்றார்கள். எழுதும் முறையையும் சோதிக்கும் முறையையும் தொடவே இல்லை. எங்கே தேங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்த பின்புதான் ஆட்களை இடம் மாற்றினார்கள். ஒரு வருடத்துக்குள் ஐந்து மாதம் இரண்டு வாரமாகச் சுருங்கிவிட்டது. 2010-ல் ஆண்டர்சன் இதை 'கான்பான்' என்ற புத்தகத்தில் எழுதினார். டொயோட்டா தொழிற்சாலையில் வழங்கிய பெயர் அது.

ஒரேயடியாகப் புரட்டிப் போடுகிறேன் என்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. புரட்டுகிற அன்றைக்கும் பழைய வேலை வந்துகொண்டேதான் இருக்கும். அதை யார் பார்ப்பது?

"உன் டீம் லீடரிடம் ஒன்றே ஒன்று கேள். இந்த ஒன்பதில் எது முதலில் வேண்டும், அது முடியும்வரை புதிது வேண்டாம் என்று" சொல்லி அனுப்பினேன். போன ஞாயிறு போன் செய்தான். முதலில் முறைத்தாராம், அப்புறம் சரி என்றாராம்.

"இப்ப ஏழு சித்தப்பா" என்றான்.