கடல் விட்டுப் போன கரை

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் இத்தாலி தேசத்துப் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தோம். அதன் மேற்குக் கடற்கரையில் மாஸ்ஸா-கர்ராரா என்றொரு மாகாணம். ஒரு புறம் கடல். மறு புறம் பனி படர்ந்ததோ என்று மயங்கும்படி சலவைக்கல் மலை. ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலத்திலேயே அக்கல்லை வெட்டிக் கப்பலேற்றினார்கள். மைக்கேலாஞ்சலோ செதுக்கிய தாவீதும் அக்கல்லில் பிறந்தவனே. இவ்வளவும் சொல்லி முடித்ததும் ஒரு சிறுமி எழுந்து, "ஐயா, நம் ஊர்ப் பெயரிலும் துறை இருக்கிறதே, கடல் எங்கே?" என்றாள்.

பெயர் விஷயத்தைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுவோம். செந்துறையிலிருந்து கடலைக் காண இன்று கிழக்கே நாற்பது மைல் போகவேண்டும். ஆனால் சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இங்கேயே இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும், ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டுகளும் மடிந்து படிந்த இடம் இது. 1862-ல் பிளான்போர்டு என்னும் ஆங்கிலேயர் இப்பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று அடுக்குகளுக்குப் பெயரிட்டார். நம் பக்கத்து நின்னியூரின் பெயராலும் ஓர் அடுக்கு உண்டு. டைனோசார்கள் பூண்டற்றுப் போன பிறகு படிந்தது அது. உலகத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் நின்னியூரை அறிவார்கள். நம்மில் எத்தனை பேர் அதற்காக அங்கே போயிருக்கிறோம்?

2020-ல் குன்னம் ஏரியில் உருண்டைக் கற்கள் அகப்பட்டபோது மட்டும் ஜனங்கள் திரண்டார்கள். டைனோசார் முட்டை என்று வதந்தி. அம்மோனைட்டைச் சுற்றி இறுகிய கல், அதாவது கணவாய் இனம், என்று அறிஞர்கள் சொன்னதும் கூட்டம் கலைந்துவிட்டது!

செம்மண்ணில் முந்திரி விளைகிறது. ஆனால் ஜில்லாவுக்குப் பெருந்தொழில் சுண்ணாம்புக்கல்தான். களிமண் சேர்த்து 1450 டிகிரிச் சூட்டில் எரித்து, ஜிப்ஸம் கலந்து அரைத்தால் ஸிமெண்டு. 1979-ல் அரியலூரில் அரசாங்க ஆலை தொடங்கிற்று. பின்னர் ஆலத்தியூர், தளவாய், ரெட்டிப்பாளையம் என்று தனியார் ஆலைகள் எழுந்தன. அவற்றை மூடச் சொல்ல நமக்கு மனமில்லை. நம் மாணவர் பலருடைய தகப்பன்மாருக்கு அங்கேதான் ஜீவனம்.

கர்ராராவிலும் வெட்டுவதில் பெரும் பகுதி பொடியாகிப் பற்பசைக்கும் காகிதத்துக்கும் போகிறது. ஆனால் அந்தக் கல்லில் பழைய சிப்பிகள் பூமியின் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவழிந்து போயின. நம் கல்லில் அவை முழு உருவோடு இருக்கின்றன. அரைத்தால் போனதுதான். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அணையால் பாசனம் பெருகிற்று, மதில் திரும்பவில்லை.

வெடி வைக்குமுன் விஷயம் தெரிந்த ஒருவர் பாறையைப் பார்வையிட்டு, எடுக்கவேண்டியதை எடுத்து வைத்தால் ஆலைக்கு என்ன நஷ்டம்? வாரணவாசியில் காட்சிசாலை இருக்கிறது. வைக்க இடமில்லை என்றும் சொல்வதற்கில்லை.

மறுநாள் அச்சிறுமி ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். அவளுடைய பாட்டி ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த கல். துடைத்துப் பார்த்தோம், சுருள் சுருளாக அம்மோனைட்டு! பள்ளி அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். சாடிக்கு வேண்டும் என்று பாட்டியம்மாள் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.