கார் நடுங்கினால் எஞ்சின் போய்விட்டதா?



கரடியனாற்றில் போரில் கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு, அவர் விட்டுச்சென்ற பழைய மொரிஸ் மைனர் காரின் வாடகையே வருமானம். அண்மையில் கார் நின்ற இடத்தில் நடுங்கியது. ஆட்கள் ஏறினால் இழுக்கவில்லை. "எஞ்சின் முடிஞ்சிட்டு, வித்துப்போடுங்கக்கா" என்றார் ஒரு மெக்கானிக்.

1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மொரிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயிலேயே ஓடின. அத்தகைய எஞ்சினை ஒரு நடுக்கத்துக்காக விற்கலாமா?

முதலில் எஞ்சினை நிறுத்தி ஆறவிடுங்கள். நான்கு பிளக்குகளையும் கழற்றி, கரி படிந்திருந்தால் துப்புரவாக்குங்கள். அடுத்தது டிஸ்றிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் பொயின்ற். அது தேயத் தேய இடைவெளி குறையும்; தீப்பொறி பிந்தும்; இழுவை போகும். இடைவெளி சுமார் 0.4 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அதைச் சரிசெய்த பின்னரே டைமிங் வைக்க வேண்டும். மாறிச் செய்தால் டைமிங் மறுபடி பிசகும்.

அந்தச் சகோதரியின் காரிலும் பொயின்ற்தான் தேய்ந்திருந்தது. புதியது போட்டு டைமிங் வைத்ததும் நடுக்கம் நின்றது. கார் விற்கப்படவில்லை.

கராஜில் வெட்கப்படாமல் கேளுங்கள்: "பொயின்ற் பார்த்தீங்களா? கழற்றியதைக் காட்டுங்க." காசு கொடுப்பவள் கேட்பதில் தவறில்லை.