மெழுகுவர்த்தி ஏந்திய எழுபதினாயிரம் பேர்

சர்வாதிகார சர்க்கார்கள் கடவுளுக்குப் பயப்படுவதில்லை; ஆனால் கடவுளைத் தொழுகிறவர்கள் நாலு பேர் ஒன்றாய்க் கூடிவிட்டால் மட்டும் பயப்படுகின்றன. "பக்தி செய்வதானால் உள்ளேயே செய்துகொள்ளுங்கள், வாசற்படியைத் தாண்டி வராதீர்கள்" என்பதே அத்தகைய சர்க்கார்கள் மதத்துக்கு விதிக்கும் நிபந்தனை. அந்த வாசற்படியை ஒரு கிறிஸ்துவ தேவாலயத்தார் எவ்விதம் தாண்டினார்கள் என்பதை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். சம்பவம் நடந்த இடம் கிழக்கு ஜெர்மனியிலிருந்த லீப்ஸிக் நகரம். நடந்த வருஷம் 1989.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் தோல்வியுற்ற ஜெர்மனி இரண்டு துண்டாயிற்று. ருஷ்யாவின் பிடியிலிருந்த கீழ்ப் பகுதி 1949-ம் வருஷம் அக்டோபர் 7-ம் தேதி 'ஜெர்மன் ஜனநாயகக் குடியரசு' என்று பெயர் சூட்டிக்கொண்டது. பெயரில் ஜனநாயகம் இருந்தது, வேறெங்கும் இருக்கவில்லை. சுமார் 1 கோடியே 60 லட்சம் ஜனங்கள் வாழ்ந்த அந்தச் சிறு தேசத்தில், ரகசியப் போலீஸ் இலாகாவில் சம்பளம் வாங்கியவர்கள் மட்டும் கடைசிக் காலத்தில் 91,000 பேர். இவர்களைத் தவிர, அண்டை வீட்டுக்காரனைப் பற்றியும் ஆபீஸ் சிநேகிதனைப் பற்றியும் சமயத்தில் சொந்த மனைவியைப் பற்றியுமே தகவல் எழுதிக் கொடுத்த ஒற்றர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

அந்த சர்க்கார் தேவாலயங்களை இடித்துத் தள்ளவில்லை. அரசியல் சட்டத்தில் மத சுதந்திரம் என்ற வார்த்தையும் இருந்தது. அதன் கைங்கரியம் இன்னும் நுட்பமானது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கென்று சர்க்காரே ஒரு சடங்கை ஏற்படுத்தியது. அதிலே ராஜ்யத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும். செய்யாத பிள்ளைக்கு அடியில்லை, சிறையில்லை. மேல் வகுப்பில் இடம் கிடைக்காது, அவ்வளவுதான். பாதிரிமார்களின் குழந்தைகள் எத்தனை மார்க்கு வாங்கியும் சர்வகலாசாலையின் வாசலை மிதிக்க முடியாமற் போனதுண்டு. தடியடிக்கு அஞ்சாத தகப்பனாரும் பிள்ளையின் படிப்பு என்றால் அஞ்சுவார் என்ற குடும்ப ரகசியம் அந்த ஆட்சியாளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வாளை அடித்துக் கலப்பைக் கொழுவாக்கும் நாள் வரும் என்பது பழைய ஏற்பாட்டில் மீகா தீர்க்கதரிசியின் வாக்கு. இந்தக் கருத்தைச் சிலையாக வடித்து ஐக்கிய நாடுகள் சபைக்கு 1959-ல் வெகுமதியாகக் கொடுத்ததே ருஷ்ய சர்க்கார்தான். 1980-ம் வருஷத்துக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியின் கிறிஸ்துவ வாலிபர்கள் அதே சிலையின் உருவத்தைத் துணியில் அச்சிட்டுச் சட்டைக் கையில் தைத்துக் கொண்டார்கள். காகிதத்தில் அச்சிடுவதற்கு அநுமதி வேண்டும். துணியில் அச்சிடுவதற்கு வேண்டியதில்லை! ருஷ்யா கொடுத்த சிலை, வேதாகமத்தின் வாக்கு. இதிலே குற்றம் எங்கே? ஆயினும் 1982-ல் சர்க்கார் அதைத் தடுத்துவிட்டது. போலீஸார் தெருவில் மறித்துச் சின்னத்தைப் பிய்க்கச் செய்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்டவர்களும் உண்டு. சில பிள்ளைகள் சின்னத்தைக் கத்தரித்த இடத்தில் வட்டமான ஓட்டையுடனேயே சட்டையை அணிந்து நடமாடினார்கள். அந்த ஓட்டையைக் கண்டதும் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது.

அதே 1982-ம் வருஷத்திலிருந்து லீப்ஸிக் நகரத்துப் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் திங்கட்கிழமை தோறும் மாலை ஐந்து மணிக்குச் சமாதானத்துக்கான ஜபக் கூட்டம் நடந்துவந்தது. சங்கீத மேதை பாக் இயற்றிய யோவான் பாடுகளின் இசை முதன் முதல் 1724-ல் அரங்கேறிய கோயில் அது. அங்கே பாதிரியாராயிருந்த கிறிஸ்டியான் ஃப்யூரர் வாசலில் ஒரு பலகை வைத்தார்: 'எல்லாருக்கும் திறந்திருக்கிறது' என்பது அதன் வாசகம். விசுவாசிகள் வந்தார்கள், கடவுள் நம்பிக்கையே இல்லாதவர்களும் வந்தார்கள். தேசத்தை விட்டுப் போக அநுமதி கேட்டு மறுக்கப்பட்டவர்கள் வந்தார்கள். குறிப்பெடுக்க ஒற்றர்களும் வந்தார்கள். அவர்களும் மலைப் பிரசங்கத்தைக் கேட்கவேண்டியவர்கள்தானே என்பது பாதிரியாரின் கட்சி.

இந்த இயக்கத்துக்கும் நமது தேசத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1959-ல் காந்தி மகானின் தேசத்தைத் தரிசிக்க வந்த அமெரிக்க நீக்ரோத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங், 1964 செப்டம்பர் 13-ம் தேதி கிழக்கு பெர்லினுக்குச் சென்றார். கையில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லையைக் கடந்து இரண்டு தேவாலயங்களில் பிரசங்கம் செய்தார். சத்தியாக்கிரகம் என்ற விதை அவ்விதம் ஜெர்மன் மண்ணிலும் விழுந்தது.

1989 மே மாதம் 7-ம் தேதி உள்ளூர்த் தேர்தல். சர்க்கார் ஜாபிதாவுக்கு 98.85 சதவிகிதம் ஓட்டுக் கிடைத்ததாகப் பறைசாற்றினார்கள். தேவாலயங்களைச் சார்ந்த வாலிபர்கள் சாவடிகளில் நின்று ஓட்டு எண்ணுவதைக் கவனித்திருந்தபடியால், கணக்குப் பொய் என்பது அம்பலமாயிற்று. செப்டம்பர் 4-ம் தேதி, ஜபம் முடிந்து வெளியே வந்தவர்கள் சுதந்திரமான மனிதர் வாழும் திறந்த தேசம் வேண்டுமென்று எழுதிய துணியை விரித்துப் பிடித்தார்கள். ரகசியப் போலீஸார் பாய்ந்து பறித்தார்கள். நகரத்தில் நடந்த வர்த்தகச் சந்தைக்காக வந்திருந்த மேற்கு ஜெர்மானியர்களின் காமிராக்கள் அதைப் படம் பிடித்துவிட்டன. அடுத்த வாரங்களில் கைது, அபராதம், சிறை. ஆனால் கூட்டமோ வாரத்துக்கு வாரம் வளர்ந்தது. அக்டோபர் 2-ம் தேதி இருபதினாயிரம் பேர் திரண்டனர்.

அக்டோபர் 7-ம் தேதி குடியரசின் நாற்பதாவது ஆண்டு விழா. தலைநகரில் அணிவகுப்பு, லீப்ஸிக் தெருக்களில் தடியடி. அதற்கு முந்தின தினம், அவசியமானால் ஆயுதம் ஏந்தியே இந்தக் கலகத்தை அடக்குவோமென்று ஒரு படைத் தலைவரின் கடிதம் உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியாகியிருந்தது. சீன தேசத்துத் தியானன்மென் சதுக்கத்தில் ஜூன் மாதம் சிந்திய ரத்தம் இன்னும் ஜனங்களின் கண்ணை விட்டு அகலவில்லை. அந்தப் படுகொலையைக் கிழக்கு ஜெர்மன் பார்லிமெண்டு வேறு ஆமோதித்திருந்தது.

அக்டோபர் 9, திங்கட்கிழமை. நகரத்தைச் சுற்றிலும் சுமார் எண்ணாயிரம் போலீஸாரும் சிப்பாய்களும். மத்தியானமே கட்சியின் உத்தரவுப்படி சுமார் 600 கட்சிக்காரர்கள் தேவாலயத்துக்குள் புகுந்து பெஞ்சுகளை அடைத்துக்கொண்டார்கள். ஜபத்துக்கு வருகிறவர்களுக்கு இடமில்லாமற் செய்வது யோசனை. பாதிரியார் அவர்களையும் வரவேற்று உட்கார வைத்தார். மற்றவர்களுக்கு மேல்மாடத்தைத் திறந்துவிட்டார். சத்துருவை நேசிக்கும்படி சொல்லும் வேத வாக்கியங்களை அந்தக் கட்சிக்காரர்களும் வேறு வழியின்றிக் கேட்டார்கள். அன்று மேலும் மூன்று தேவாலயங்களில் ஜபம் நடந்தது. வாத்திய கோஷ்டித் தலைவர் குர்ட் மாஸூர் முதலிய ஆறு பேர், அவர்களில் மூவர் கட்சிக் காரியதரிசிகள், அமைதி காக்கும்படி விடுத்த வேண்டுகோள் கோயில்களிலும் தெருவின் ஒலிபெருக்கிகளிலும் வாசிக்கப்பட்டது.

கதவு திறந்தது. வெளியே கடல் போல் ஜனங்கள். எழுபதினாயிரம் பேர் கையில் மெழுகுவர்த்தியுடன் நகரத்தைச் சுற்றி நடந்தார்கள். 'பலாத்காரம் வேண்டாம்' என்பதே கோஷம். மெழுகுவர்த்தியை ஒரு கையில் பிடித்து மறு கையால் காற்றை மறைக்கவேண்டும். அப்போது கல்லை எடுக்கக் கையேது என்று ஃப்யூரர் பாதிரியார் பின்னாளில் சொல்வதுண்டு. ஒரு கல்லும் வீசப்படவில்லை. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை. ஒன்பது நாளில் தேசத் தலைவர் ஹோனெக்கர் பதவி துறந்தார். சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 9-ம் தேதி இரவு, பெர்லின் சுவரின் கதவுகள் திறந்தன. டிசம்பர் 4-ம் தேதி லீப்ஸிக் ஜனங்கள் ரகசியப் போலீஸ் காரியாலயத்துக்குள் அமைதியாய்ப் பிரவேசித்து, தஸ்தாவேஜுகள் அழிக்கப்படாமல் தடுத்தார்கள்.

ஜபத்தினால் மட்டுமா சுவர் இடிந்தது? இல்லை. ருஷ்யத் தலைவர் கோர்பசேவ் டாங்கிகளை அனுப்பப் போவதில்லை. ஹங்கேரி தன் எல்லையைத் திறந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனியின் கஜானாவும் கடனில் மூழ்கியிருந்தது. இவையெல்லாம் வாஸ்தவமே. ஆனால் அன்று மாலை அந்தக் கூட்டத்திலிருந்து நாலு கல் பறந்திருந்தால், சுடுவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கிடைத்திருக்கும். அந்தக் காரணத்தைக் கொடாமலிருந்ததுதான் ஏழு வருஷ ஜபத்தின் பலன்.

தேவாலயத்தார் எல்லாரும் வீரர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. சர்க்காரைப் பகைத்துக்கொள்ள அஞ்சி, பாதிரிமார்களை அடக்கி வாசிக்கச் சொன்ன மேலதிகாரிகள் இருந்தார்கள். பாதிரி அங்கியின் உள்ளேயே ஒற்றர்களும் இருந்ததைப் பிற்பாடு திறக்கப்பட்ட தஸ்தாவேஜுகள் காட்டின. அந்தத் தஸ்தாவேஜுகளை வரிசையாய் அடுக்கினால் 111 கிலோமீட்டர் நீளம்! அங்கே தலைநிமிர்ந்து நின்றவர்கள் சிலரே. அந்தச் சிலர் கதவைத் திறந்து வைத்தபடியால்தான் பலருக்கு நிற்க இடம் கிடைத்தது.

இந்தச் சரித்திரத்தில் எங்கள் மனத்தை மிகவும் கவர்ந்தது அதற்குப் பின் நடந்ததுதான். 1990 ஜனவரி முடிவில், பதவியும் போய், வீடும் போய், வியாதியும் பீடித்த ஹோனெக்கருக்கும் அவர் மனைவிக்கும் தங்க இடமில்லை. லோபெட்டால் என்னும் சிற்றூரில் ஊவே ஹோல்மர் என்ற பாதிரியார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அங்கிருந்த முதியோர் விடுதியில் இடத்துக்காகப் பலர் காத்திருந்தார்கள். அவர்களை முந்திக்கொண்டு இவர்களுக்கு இடம் கொடுப்பது நியாயமல்ல என்று சொந்த வீட்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தார். ஹோல்மருக்குக் குழந்தைகள் 10 பேர். அவர்களில் 8 பேருக்கு நல்ல மார்க்கு இருந்தும் மேல் படிப்பு மறுக்கப்பட்டிருந்தது. இருபத்தாறு வருஷம் கல்வி மந்திரியாயிருந்த சீமாட்டி யார் தெரியுமா? ஹோனெக்கரின் மனைவி மார்கோட்தான்! வாசலில் ஜனங்கள் கூச்சலிட்டார்கள். வெடிகுண்டு வைப்பதாக மிரட்டல்களும் வந்தன. பத்து வாரம் அவர்களுக்குச் சாப்பாடு போட்டார் பாதிரியார். எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்கிறோம் என்று தினந்தோறும் ஜபம் செய்துவிட்டுக் கதவைச் சாத்துவது எப்படி என்பதே அவருடைய கேள்வி.

அதிகார துஷ்பிரயோகம் எப்போதும் பீரங்கியோடு வருவதில்லை. பள்ளிக்கூடத்து விண்ணப்பத்தில் ஒரு சிவப்புக் கோடாக, ஓட்டுக் கணக்கில் ஒரு தசமப் புள்ளியாக, "நமக்கேன் வம்பு" என்று வீட்டுப் பெரியவர் சொல்லும் புத்திமதியாகத்தான் அது குடித்தனத்துக்குள் நுழைகிறது. கிழக்கு ஜெர்மனியில் நாற்பது வருஷம் அது உட்கார்ந்திருந்ததற்குப் போலீஸ்காரர்களின் எண்ணிக்கை மட்டும் காரணமல்ல. இந்தப் புத்திமதியைக் கேட்டு நடந்த நல்ல குடும்பங்களின் எண்ணிக்கையும் காரணம். எந்த மதத்தை அநுசரிப்பவராயினும், தம் வீட்டுப் பூஜை அறையிலோ ஜப அறையிலோ தினமும் சொல்லும் வார்த்தைகளைத் தெருவிலும் சொல்ல நேர்ந்தால் சொல்வோமா என்று ஒரு தடவை யோசித்துப் பார்ப்பது நல்லது.