பரீட்சையும் ஒருநாட் பிரயாணமும்

பரீட்சைக் காலம் நெருங்குகின்றபொழுது எமது இல்லங்களிற் சில வழக்கங்கள் எவரும் கட்டளையிடாமலே தோன்றிவிடுகின்றன. தொலைக்காட்சியின் ஒலி தணிகின்றது. கல்யாண வீடுகளுக்குப் பெற்றோர் மாத்திரம் சென்று திரும்புகின்றனர். பசும்பால் ஒருவருக்கென்று ஒதுக்கப்படுகின்றது. உறவினரும் வாசலில் நின்றே, "தம்பி எப்பிடிப் படிக்கிறார்?" என்று தாழ்ந்த குரலில் விசாரித்துவிட்டுப் போகின்றனர். இவற்றை நாம் பரிகசிக்க மாட்டோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பாரம் அத்தகையது. 2001ஆம் ஆண்டு தொடக்கம் இசட் புள்ளி முறைப்படி பல்கலைக்கழக அனுமதி நிர்ணயிக்கப்பட்டு வருகின்றது. அம்முறையில் ஒருவன் பெறும் புள்ளி அவனது விடைத்தாளை மட்டுமன்றி, அதே பாடத்துக்குத் தோற்றிய பிறரது விடைத்தாள்களையும் பொறுத்தது. சொற்ப வித்தியாசத்தினால் மருத்துவமோ பொறியியலோ கைநழுவிப்போன வீடுகள் ஊருக்குச் சில உண்டு.

ஆயின், இக்காலத்தில் 'ஊக்கம்' என்றொரு சொல் மாணவரது வாயிற் பெரிதும் அடிபடுவதைக் காண்கின்றோம். "படிக்க வேண்டும், ஆனால் ஊக்கம் வரவில்லை" என்பர். அது விருந்தாளியைப்போல வந்து கதவைத் தட்டும் என்றும், அதன் பின்னரே புத்தகத்தைத் திறக்கலாம் என்றும் எண்ணுகின்றனர். அவ்விருந்தாளியை வருவிப்பதற்குக் கைத்தொலைபேசியில் எண்ணிறந்த பேச்சுக்கள் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றை நாமும் கேட்டோம். சோடாப் போத்தலைத் திறந்தவுடன் எழுகின்ற நுரையே அவற்றின் இயல்பு. கேட்கும்பொழுது மயிர்க்கூச்செறிகின்றது, அரைமணி நேரத்தில் அடங்கிவிடுகின்றது.

கணிதப் பிரிவில் உயர்தரம் பயின்ற மாணவன் ஒருவனது ஒரு கிழமையை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். பரீட்சைக்கு அப்பொழுது ஏழு கிழமைகள் இருந்தன. திங்கட்கிழமை அவன் நேரசூசி ஒன்றை வரைந்தான். ஐந்து நிறப் பேனாக்கள். அதிகாலை நான்கு மணி தொடங்கி இரவு பதினொரு மணி வரை கட்டங்கள். அழகிய வேலை என்பதில் ஐயமில்லை. அதனை வரைவதில் அன்றைய மாலை கழிந்தது. இரவு ஊக்கப் பேச்சுக்களிற் கழிந்தது. செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு எழுந்தான். பத்து மணிக்கு மேசைமேல் தலைசாய்த்து உறங்கினான். விழித்தெழுந்தபொழுது கட்டங்கள் பிழைத்துவிட்டன. ஆகவே நேரசூசியைத் திருத்தி வரைந்தான்! புதன்கிழமை நாள் முழுவதும் பௌதிகவியற் குறிப்புக்களை மஞ்சள் நிறப் பேனாவினால் கோடிட்டுக் கோடிட்டு வாசித்தான். பக்கத்தில் தொலைபேசி இருந்தது. அன்று மாலைதான் நண்பர் நால்வர், மறுநாட் பூரணை விடுமுறையில் துவிச்சக்கரவண்டியிற் கீரிமலைக்குச் சென்று நீராடி வரலாம் என்று செய்தி அனுப்பினர்.

வீட்டில் எழுந்த புயலை வாசகர்கள் ஊகித்துக்கொள்வார்கள். தந்தையார் வலிகாமத்துக் கமக்காரர். மகனுக்காகத் தம் உடலை முறித்து உழைப்பவர். தாயாருடன் அன்றிரவே எம்மிடம் வந்தார்.

"இன்னும் ஏழு கிழமைதான் சேர் கிடக்குது. இப்ப போய்க் குளிச்சுக் கும்மாளம் அடிக்கவேணுமே? நீங்கள் சொன்னாற்தான் கேட்பான்."

தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அவன் நாள் முழுக்கப் புத்தகத்துக்கு முன்னாலதான் இருக்கிறான் சேர். ஆனால் படிக்கிறான் எண்டு எனக்குத் தெரியேல்லை" என்றார்.

பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத அந்த அம்மையார் கூறியது மிகவும் நுட்பமானது. புத்தகத்தின் முன் இருத்தல் வேறு, படித்தல் வேறு. அமெரிக்காவில் சென் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றோடிகர், கார்ப்பிக்கே என்னும் உளவியலாளர் இருவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இதற்குச் சான்றாகும். மாணவர்களுள் ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு தடவை வாசித்தனர். வேறொரு சாரார் ஒரு தடவை வாசித்து, மற்றை மூன்று தடவையும் அதனைப் பாராமல் நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபொழுது, வாசித்துக்கொண்டிருந்தவர்களே முன்னின்றனர். அவர்கள் 83 சதவீதமும் எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தனர். ஒரு கிழமை கழிந்தபின் நிலை தலைகீழாயிற்று. வாசித்தவர்களிடம் 40 சதவீதமே எஞ்சியது. எழுதிப் பார்த்தவர்களிடம் 61 சதவீதம் நின்றது. இதில் இன்னுமொரு வேடிக்கை உண்டு. தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தாம். மஞ்சட்கோடு தருகின்ற மனநிறைவு அத்தகையது.

தந்தையாருக்கு இந்தச் சதவீதங்களை நாம் கூறவில்லை. "இயந்திரம் வைத்துத் தோட்டத்துக்கு இறைக்கின்ற நாளில், கிணற்றை இடையில் ஓயவிடுவது ஏன்?" என்று மட்டும் வினவினோம்.

"விடாமல் இறைச்சால் உவர் ஏறிப்போம்" என்றார். சொல்லிவிட்டு எம்மை உற்றுப் பார்த்தார். கிணறு வேறு, பிள்ளையின் மூளை வேறு என்பதை நாம் அறிவோம். எனினும் அவருக்கு விளங்கும் பாஷை அதுவாக இருந்தது. மகன் போய் வரட்டும், ஆனால் மூன்று நிபந்தனைகள் என்று கூறினோம். பிரயாணத்தில் எவரும் புத்தகம் கொண்டுபோகலாகாது. மாலை ஆறு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். போகும் முன்னரும் வந்த பின்னரும் வீட்டில் ஒருவரும் அதைச் சொல்லிக் குத்திக்காட்டலாகாது. மூன்றாவதற்குத் தந்தையார் இணங்குவதற்குச் சற்று நேரம் பிடித்தது.

இந்த மூன்றாவதையே நாம் முக்கியமாகக் கருதுகின்றோம். எமது பிள்ளைகளிற் பலர் படிக்கும்பொழுது விளையாட்டை எண்ணி ஏங்குகின்றனர். விளையாடும்பொழுது படிப்பை எண்ணி அஞ்சுகின்றனர். ஒன்றும் முழுமையாகாத இந்த நேரமே அவர்களைக் களைக்கச் செய்கின்றது. பிரான்சிய கணித மேதை பொங்காரே, தமக்கு நேர்ந்த ஒன்றைத் தமது நூலில் 1908இல் எழுதியுள்ளார். நாட்கணக்கில் முயன்ற ஓர் ஆராய்ச்சியை இடையில் விட்டு, மண்ணியற் சுற்றுலாவொன்றுக்குப் போனார். கணிதத்தை அடியோடு மறந்திருந்த வேளையில், கூத்தான்ஸ் என்னும் ஊரில் வண்டிப் படியில் காலை வைத்த கணத்தில் விடை தோன்றிற்று. இதைப் படித்துவிட்டு வண்டி ஏறினாற் போதும் என்று எண்ணிவிடாதிருப்பார்களாக. அவர் அதற்கு முன்னர் பதினைந்து நாட்கள் அக்கணக்கோடு மல்லாடியவர்.

நம்மவர் ஐவரும் வியாழக்கிழமை விடியற்காலையிற் கட்டுச்சோற்றுடன் புறப்பட்டனர். கடலின் விளிம்பிலேயே நன்னீர் ஊறுகின்ற அந்தக் கேணியில் இரண்டு மணி நேரம் நீந்தினர். நகுலேஸ்வரரைத் தரிசித்தனர். யுத்த காலத்திற் பல்லாண்டுகள் மக்கள் சென்றுவர இயலாதிருந்த இடம் அது. தம் தந்தையர் இளமையில் நீந்திய கேணி என்பது பையன்களுக்குக் கதையாகவே இருந்தது. திரும்புகின்ற வழியிற் புத்தூருக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றையும் பார்த்தனர். மேலே நன்னீர், அடியில் உவர்நீர் என்று அங்கு எவரோ கூற, அது எவ்வாறு கலவாமல் நிற்கின்றது என்று அவர்களுக்குள் வாதம் மூண்டது. நம் மாணவன் ஒரு தடியை எடுத்து நிலத்திற் கீறிக் கணக்கிட்டான். கடல்நீரின் அடர்த்தியை நன்னீரினதைப்போல் 1.025 மடங்கு என்று கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பதற்குக் கீழே 40 அடி நன்னீர் மிதந்திருக்க வேண்டும் என்று விடை வந்தது. அவன் புதன்கிழமை கோடிட்டு வாசித்த பாடமும் அதுதான்.

இதனைக் கேட்டுத் தந்தையார் பூரித்துப்போனார். பிரயாணமும் படிப்பாக முடிந்தது என்பது அவரது கணக்கு. எமக்கோ, கேணியில் நீந்திய இரண்டு மணி நேரமே மேலாகத் தோன்றியது. நிலாவரை வாய்த்தது ஒரு நற்பேறு. அது வாய்க்காமல் ஐவரும் சிரித்துக் களைத்து வீடு திரும்பியிருந்தாலும், அந்த நாள் வீணாகியிருக்காது.

வெள்ளிக்கிழமை அவன் நேரசூசியைக் கிழிக்கவில்லை, திருத்தவுமில்லை. அதனைப் பார்க்கவே மறந்துவிட்டான் என்று தாயார் கூறினார். கடந்தகால வினாத்தாளில் ஒரு வினாவை மாத்திரம் எடுத்து, குறிப்பை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் எழுதத் தொடங்கினான். பாதியிற் தடைப்பட்டான். அவ்விடத்தை மாத்திரம் குறிப்பிற் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவ்வாறு ஒன்பது வினாக்கள் முடிந்தன. ஊக்கம் வந்ததா என்று நாம் கேட்டதற்கு, "மூன்றாவது கணக்குக்குப் பிறகு வந்தது சேர்" என்றான்.

ஒன்று கூறாதுவிட்டால் இப்பத்தி அரைகுறையாகும். ஆண்பிள்ளைகளுக்கு நண்பரும் துவிச்சக்கரவண்டியும் உண்டு. அதே பரீட்சைக்கு அதே பாரத்தைச் சுமக்கின்ற பெண்பிள்ளைகள், மாலையிற் கிணற்றடி வரை நடந்து வருவதே பிரயாணமாக இருக்கின்றனர். பத்திரம் பற்றிய பெற்றோரின் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு மாற்று இல்லையென்று கூறமுடியாது. கீரிமலையிற் பெண்களுக்கெனச் சுற்றுமதிலுடன் தனிக்கேணி உண்டு. நம் மாணவனின் தங்கை இவ்வருடம் சாதாரண தரம் எழுதுகின்றாள். அவளும் தோழியர் மூவரும் அடுத்த பூரணைக்குப் போகவிருக்கின்றனர்; தாயார் இருவர் உடன் செல்கின்றனர். வாகன ஏற்பாடு தந்தையாரின் பொறுப்பு.