ஆண்டு முடிகிறது, கணக்கு முடிந்ததா?

2025-ஆம் ஆண்டின் கணக்கேடு மூடப்படும் வேளை இது. தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் தலைநிமிர நேரமின்றி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டோரில் கத்தி எத்தனை, வாளி எத்தனை, உடைந்துபோன கோப்பை எத்தனை என்று எண்ணப்படுகிறது. உர மூட்டை ஒன்று குறைந்தாலும் விளக்கம் எழுதியாக வேண்டும். நிர்வாகத்தார் தங்கள் சொத்தை இப்படி எண்ணிப் பார்ப்பதில் யாதொரு தவறும் கிடையாது. ஆனால், அந்தக் கத்தியைப் பிடித்து ஆண்டு முழுதும் மரம் வெட்டிய தொழிலாளி தமக்குச் சேரவேண்டியதை எண்ணிப் பார்த்தாரா? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆண்டுக் கடைசியைவிடப் பொருத்தமான நேரம் வேறில்லை.

மலாக்காவில் வாழும் நமக்கு ரப்பர் மரத்தின் குணத்தை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டான் சே யான் என்ற சீனப் பெரியவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிகப் பயிராக நட்டபோது, இந்த நாட்டின் ரப்பர்த் தோட்ட வரலாறே நம் மாநிலத்தில்தான் தொடங்கிற்று. அன்று முதல் இன்றுவரை மாறாதது ஒன்று உண்டு: மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்காயத்தின் வழியே கோப்பைக்கு இறங்காமல் மரமெல்லாம் வழிந்து பாழாகும். விடியலில் வெட்டி முடித்த பிறகு பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டாலோ, கோப்பையிலிருந்த பாலும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். இந்த மழைக்காலம் ஓய்ந்ததும் மரங்கள் இலை உதிர்க்கும். தளிர் விட்டு முற்றும்வரை பால் குறைவுதான். ஆகவே ஆண்டின் கடைசியும் அடுத்த ஆண்டின் தொடக்கமும் தொழிலாளியின் மடி காயும் காலம் என்பது நாம் அறிந்த செய்தி.

மழைநாளில் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை, இதுதான் தோட்டத்து வேதம் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் தனது 16-ஆம் பிரிவில் வேறு விதமாகச் சொல்லுகிறது. வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் முதலாளி வேலை கொடுத்தாக வேண்டும். கொடுக்க இயலாவிட்டால், தொழிலாளி வேலை செய்ய மனமும் உடல்நலமும் உடையவராய் இருந்த அந்த நாட்களுக்கு, வேலை செய்தாற்போலவே கூலி கொடுக்க வேண்டும். வாரத்திற்கு ஆறு நாட்களுக்கு மேல் இந்தக் கணக்கில் சேராது. மனம் இருந்ததா, நலம் இருந்ததா என்று வழக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் தொழிலாளர் இலாகாத் தலைமை இயக்குநரே தவிர, தோட்டத்துத் தண்டல் அல்லர்.

இங்கேதான் செக்ரோல் வந்து நிற்கிறது. மழை தூறும் விடியலில் பிரட்டுக்கு வந்து, காத்திருந்து, 'இன்று வெட்டு இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லப்பட்டுத் திரும்பியவர் ஒருவர். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பிரட்டுக்கே வராதவர் மற்றொருவர். செக்ரோலில் இருவர் பெயருக்கு நேரேயும் ஒரே குறி விழுந்துவிடுமானால் முன்னவரின் உரிமை அந்தக் குறியிலேயே அழிந்துபோகிறது. செக்ரோல் எழுதும் கை எப்படி ஓடும் என்பது நமக்குத் தெரியும். மாதக் கடைசியில் அவசரம், மேலே கேட்பார் இல்லை, ஒரு கோடு இழுத்தால் வேலை முடிந்தது! சக கிராணிமார்களுக்கு நாம் சொல்வது: அந்தக் கோடு ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு. தொழிலாளர்களுக்கு நாம் சொல்வது: மழையென்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிரட்டுக்குப் போங்கள். தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். டிசம்பர்ச் சம்பளச் சீட்டு கைக்கு வந்ததும் அந்தக் குறிப்போடு ஒத்துப் பாருங்கள்.

சம்பளச் சீட்டில் பார்க்க வேண்டியது இன்னும் ஒன்று. 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்கும் குறைவாக வேலைக்கு வைத்துள்ள சிறு முதலாளிகளுக்கு அது ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வந்தது. எடைக்கும் எண்ணிக்கைக்கும் கூலி வாங்குபவர்களுக்கும் இந்த வரம்பு உண்டு. நம்மோடு நிரை பிடித்து வேலை செய்யும் வங்காளதேசத்தாருக்கும் இந்தோனேசியருக்கும் இதே சட்டந்தான். அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கப்படும் கூலி நாளை நம்முடைய கூலியையும் கீழே இழுக்கும் என்பதால், அவர்களுடைய சீட்டையும் கேட்டு வாங்கிப் படித்துக் காட்டுவது தோட்டக் கமிட்டியின் கடமையாகும்.

இந்த ஆண்டுக் கடைசிக்கு மற்றொரு விசேடமும் உண்டு. 2022 முதல் பள்ளிக்கூட ஆண்டு மார்ச்சு மாதத்திலும், சென்ற முறை பிப்ரவரியிலும் தொடங்கி வந்தது. 2026-இல் அது மீண்டும் ஜனவரிக்கே திரும்புகிறது. நமது மாநிலத்தின் 21 தமிழ்ப்பள்ளிகளும் மற்றப் பள்ளிகளோடு ஜனவரி 12-ஆம் தேதி திறக்கின்றன. பழையபடி டிசம்பரே சட்டை தைக்கும் மாதம், கறுப்புச் சப்பாத்து வாங்கும் மாதம், புத்தகப்பை பார்க்கும் மாதம். ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் துணிக்கடைகளில் தாய்மார்கள் பிள்ளையின் தோளில் சட்டையை வைத்து, 'ஒரு அளவு பெருசாவே குடுங்க தம்பி, அடுத்த வருசத்துக்கும் ஆகும்' என்று கேட்பதைப் பார்க்கலாம். அரசாங்கம் 2023 முதல் பெற்றோரின் வருமானம் பாராமல் மாணவர் ஒருவருக்கு 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவி தருகிறது. வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அது எந்த மூலைக்குப் போதும் என்று கணக்குப் போடுவதற்குக் கிராணி தேவையில்லை. மீதிக்குச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். தீபாவளிக்குப் போன சங்கிலி இன்னும் திரும்பாத வீடும் உண்டு.

இவ்வளவுக்கும் நடுவே நம் மக்கள் மகிழ்ச்சியை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் லயங்களில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு போன வீட்டிலிருந்து கேக்குத் தட்டு திரும்பி வருகிறது. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் விளக்கலங்காரத்தைப் பார்க்க இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறார்கள். (மெல்லப் போய் மெல்ல வாருங்கள் தம்பிகளே, 31-ஆம் தேதி இரவுக்கும் இதே வார்த்தைதான்.) மறுபுறம் மார்கழி பிறந்துவிட்டதால் தோட்டத்துக் கோயில்களில் விடியற்காலைப் பூசை நடக்கிறது. ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் அலுவலகத்திற்கு வந்து, "கிராணி ஐயா, தொரை வருசம் முடியப்போகுது, நம்ம வருசம் எப்ப முடியும்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டாரோ, உண்மையாகவே கேட்டாரோ தெரியவில்லை. ஆனால் கேள்வி ஆழமானது. போகியன்று பழையதை எரித்துப் பொங்கலன்று புதுப்பானை வைக்கும் நமக்கு டிசம்பர் 31 என்பது காகிதத்து முடிவுதான். என்றாலும், நமது உரிமைகள் அந்தக் காகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

அப்படி எழுதப்பட்ட ஒன்றுதான் ஆண்டு விடுப்பு. இரண்டு ஆண்டுக்கும் குறைவான சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள் என்பது சட்டத்தின் குறைந்த அளவு. சேவையின் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திற்கும் சேர்ந்த விடுப்பை அடுத்த பன்னிரண்டு மாதத்திற்குள் எடுக்காவிட்டால் அது கைநழுவும். 'வேலை இருக்கிறது, லீவு வேண்டாம்' என்று வாயால் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். விடுப்புக்குப் பதில் பணம் வேண்டுமானால், முதலாளி எழுத்தில் கேட்டு, தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது.

இப்போது நாம் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதும் விஷயத்திற்கு வருகிறோம். சம்பளத்தோடு கூடிய பொது விடுமுறை ஆண்டுக்குப் பதினொன்று. தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆளுநர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தையும் எவரும் மாற்ற முடியாது. மீதி ஆறு எவை என்பதை, ஆண்டு பிறக்கும் முன்னரே வேலையிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி முதலாளி எழுதி ஒட்ட வேண்டும் என்று சட்டம் கட்டளையிடுகிறது. எத்தனை தோட்டங்களில் அந்தத் தாள் ஒட்டப்படுகிறது? ஒட்டினாலும், அலுவலகத்தின் உட்சுவரில் பழைய நாட்காட்டிக்குப் பின்னால் ஒட்டினால் அது கண்ணில் படும் இடமாகுமா?

அந்த ஆறில் ஒன்றையோ பலவற்றையோ இரு தரப்பும் இணங்கி வேறு நாளாக மாற்றிக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலின் மாசி மகத்திற்கு மலாக்காத் தமிழர் எங்கிருந்தாலும் வந்து சேர்வார்கள். அன்று தோட்டத்தில் ஆள் குறையும் என்பதை நிர்வாகமும் அறியும். ஆண்டுதோறும் அன்று வராதவர்கள் என்று குறியிட்டுக் கூலியை இழக்கச் செய்வதைவிட, நம் மக்கள் அவ்வளவாகப் பயன்படுத்தாத ஒரு விடுமுறையை அந்த நாளுக்கு மாற்றிக் கொடுப்பதில் நிர்வாகத்திற்குச் செலவு ஒரு காசும் கூடாது. கிறிஸ்தவத் தோழர்களுக்கும் முஸ்லிம் தோழர்களுக்கும் பாதகம் வராதபடி எந்த நாளை விட்டுக்கொடுப்பது என்பதை அந்தந்தத் தோட்டத்தார் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். அதை மேலேயிருந்து நாம் சொல்வது முறையன்று.

ஆகவே தோட்டக் கமிட்டியினர் இந்த வாரமே கூடுவார்களாக. 2026-க்கான விடுமுறைத் தாள் ஒட்டப்பட்டுவிட்டதா என்று பார்த்து, ஒட்டப்பட்டிருந்தால் அதன் நகலையும், இல்லையென்றால் இல்லை என்ற செய்தியையும், மாசி மகத்தைப் பற்றிய தங்கள் முடிவையும் எழுத்தில் டிசம்பர் 31-க்குள் கிளை அலுவலகத்தில் சேர்ப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். கிறிஸ்துமஸ் நாள் நீங்கலாக அலுவலகம் திறந்திருக்கும். மாலை வேலை முடிந்து வருபவர்களுக்காக இரவு எட்டு மணிவரை ஆள் இருப்பார்கள்.